கேட்டுக்கு அடித்த பச்சை

செப்டம்பர் 27

மேசை வாங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடுகிறார்கள், சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மரம் கிடையாது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே மரம் மாதிரி கோடு போட்ட மைக்கா ஒட்டியிருக்கிறது. ஒரு மூலையில் மைக்கா உடைந்திருக்கிறது. ஆனால் கீபோர்டு வைக்கிற இழுப்புத் தட்டு மட்டும் எண்ணெய் போட்டதுபோல் ஓடுகிறது. நான் வேலை பார்க்கிற லாரி எடைமேடைக்கு வந்த தேங்காய் டெம்போக்காரர் திரும்பும்போது ஏற்றிவந்து இறக்கினார்.

மேசை எனக்கில்லை, என் மனைவி துளசிமணிக்கு. வருகிற ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதப்போகிறாளாம். நாற்பத்து மூன்று வயதில். பதினெட்டு வருடமாக அங்கன்வாடியில் உதவியாளர். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி மூக்குத் துடைத்துவிடும் வேலை. பத்தாவது தேறினால் அங்கேயே டீச்சராகலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், இந்த ஏப்ரலை விட்டால் வேறு ஏப்ரல் இல்லை என்கிறாள்.

அவள் எட்டாவதோடு நின்றவள். நான் பத்தாவது முடித்தவன். ஆனாலும் சந்தேகம் என்று என்னிடம் வந்ததில்லை. வராதவரை நல்லது. பகலெல்லாம் லாரி எடை போட்டவனுக்கு வீட்டில் அல்ஜீப்ரா வேறா.

செப்டம்பர் 29

மேசைமேல் புத்தகங்களை அடுக்கினாள். கணக்கும் அறிவியலும் மட்டும். மற்ற மூன்று பாடம் எங்கே என்றேன். "அதெல்லாம் பரவாயில்லீங்க" என்றாள். மூன்று பாடம் பரவாயில்லையாம். இவள் உருப்பட்ட மாதிரிதான்.

முன்பொரு தடவை, நாலைந்து வருடம் இருக்கும், படிக்கட்டுமா என்று கேட்டாள். "பத்தாவது படிச்சுக் கலெக்டர் ஆகப்போறியா" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சிரிக்கக்கூடச் செய்தாள் என்று ஞாபகம்.

அக்டோபர் 1

மேசைக்கு பெயின்ட் அடித்துவிட்டேன். பொங்கலுக்கு கேட்டுக்கு அடித்த பச்சை அரை டப்பா மீதி இருந்தது. வருடா வருடம் அந்த கேட்டுக்கு நான்தான் அடிக்கிறேன், தெருவே பார்த்திருக்கிறது. இரண்டு கோட். கண்ணாடி மாதிரி நின்றது. துளசி அங்கன்வாடியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பச்சைங்களா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 3

விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது.

நாளை சரஸ்வதி பூஜை. புது மேசையிலேயே பூஜையை வைத்துவிடலாம் என்றேன். சாயங்காலமே புத்தகங்கள், நோட்டுகள், அவளுடைய அறிவியல் ரெக்கார்டு நோட்டு, என் எடைச்சீட்டுக் கட்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்தோம். மேலே பாரமாகப் பொரித்தட்டு, பழத்தட்டு, சாமி படம். சந்தனம், குங்குமம் வைத்தேன். பார்க்கக் கோயில்போல் இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 4

மத்தியானம் துளசி கேட்டாள்: "ஏனுங்க, அந்த ரெக்கார்டு நோட்டை மட்டும் எடுத்துக்கட்டுங்களா? ரெண்டு படம் பாக்கி இருக்குது."

"பூசை அன்னிக்குப் புஸ்தகத்தத் தொடலாமா புள்ள? ஒரு நாள்ல என்ன குடி முழுகிப்போகும்?"

சரி என்று போய்விட்டாள். நாளை காலை விஜயதசமி அன்று எடுத்து நாலு வரி படித்தால்தான் முறை. நான் முறை தவறுவதில்லை.

அக்டோபர் 5

குடி முழுகிவிட்டது.

காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டுகளை எடுத்தோம். துளசி ரெக்கார்டு நோட்டைத் தூக்கினாள், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அட்டை கிழிந்து மேசையிலேயே நின்றது, அதோடு கடைசி எட்டு பக்கம். மறுபக்கம் பெயின்ட் தோல் தோலாக உரிந்து நோட்டோடு போனது. கணக்குப் புத்தகத்தின் பின்னட்டை போயிற்று. அவள் கணக்கு போட்டுப் பார்க்கிற ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுசாகப் பச்சையில் அப்பிக்கொண்டது. மேலே காய்ந்திருந்த பெயின்ட் உள்ளே களிபோல் இருந்திருக்கிறது. இரண்டு ராத்திரி பாரம் வேறு.

அந்த ரெக்கார்டில், தனித்தேர்வர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிற பள்ளிக்கூட டீச்சர் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அது இல்லாமல் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தாள். அடுப்படிக்குப் போனாள். அரிசிப் பீப்பாய்மேல் பலகையைப் போட்டாள், இவ்வளவு நாள் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்கேலை வைத்து முதல் பக்கத்தில் மார்ஜின் கோடு போட்டாள். பிறகு இரண்டாம் பக்கம். பிறகு மூன்றாம் பக்கம்.

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பயம் வந்தது. அவளைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 7

பெயின்ட் கடை ரெஹானாவிடம் போனேன். தன் மாமனார் படுக்கையில் விழுந்த பிறகு கடையை அந்தப் பெண்தான் பார்க்கிறாள். நடந்ததைச் சொன்னேன்.

"மைக்கா மேல நேரா எனாமல் அடிச்சீங்களாண்ணா?"

"ஆமாம்மா. கேட்டுக்கு அடிச்ச மீதி."

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். "கேட்டு இரும்புங்ண்ணா, வெயில்ல கெடந்து காயும். மைக்கா எண்ணெய் தடவுன தோசைக்கல்லாட்ட, எதையும் பிடிக்காது. அதச் சொறசொறப்பா தேய்க்கோணும், அதுக்குன்னு இருக்கற பிரைமர் அடிக்கோணும், காய விடோணும். அப்புறந்தான் பெயின்ட்டு."

"தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சே."

"தொட்டா மேல் தோல் மட்டுந்தானுங்ண்ணா தெரியும். ஒரு வாரம் கழிச்சு ஓரத்துல நகத்தால கீறிப் பாருங்க. கீறல் விழுந்துச்சுன்னா இன்னும் காயலைன்னு அர்த்தம். இந்த மழைக்கு மாசக் கணக்குல ஆகும்."

சுரண்டப் பட்டித் தகடும் தேய்க்க உப்புத்தாளும் வாங்கிவந்தேன். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டச் சொன்னாள். எனக்கே புத்தி சொல்கிறாள். கட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்டோபர் 9

ஞாயிறு. துளசி அவள் அக்காவைப் பார்க்கத் தாராபுரம் போயிருக்கிறாள். மேசையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டுச் சுரண்டினேன். தகட்டை உள்ளே விட்டுத் தள்ளினால் பச்சை அப்படியே பால் ஏடு மாதிரி சுருண்டு வருகிறது. இவ்வளவு அழகாக உரிகிற ஒன்றை நான் அடித்திருக்கிறேன்.

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் மட்டும் வரவில்லை. ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டேன். தாள் மெலிந்து உள்ளேயிருந்து எழுத்து தெரிந்தது. எழுதின பக்கம் கீழே ஒட்டியிருந்ததால் எல்லாம் திரும்பிப்போய், வலமிருந்து இடமாக. சும்மா விட்டிருக்கலாம். சவரக் கண்ணாடியை எடுத்துவந்து காட்டிப் படித்தேன்.

தமிழ் 58. ஆங்கிலம் 37. கணக்கு 31. அறிவியல் 29. சமூக அறிவியல் 55. மேலே இந்த வருடத்து ஏப்ரல் என்று போட்டிருந்தது.

 போன ஏப்ரலில் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, பத்து நாள் கூட இருந்து பார்க்கிறேன் என்று இதே தாராபுரத்துக்குப் போனாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன். நோயாளிக்கு என்று ஒரு கிலோ ஆரஞ்சும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்துகொண்டு அஞ்சு பரீட்சை எழுதியிருக்கிறாள். மூன்றில் தேறியிருக்கிறாள். திரும்பி வந்து எனக்குச் சோறு போட்டு, அக்காவுக்குத் தேவலை என்று சொன்னாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பெண்ணோடு இருபத்து மூன்று வருடம் குடித்தனம் பண்ணுகிறேன்.

மார்க்குக்குக் கீழே ஒரு வரி இருந்தது. "அவருக்குத் தெரிய வேண்டாம். மனசு சங்கடப்படும்."

எனக்கு என்ன சங்கடம்? கேலி பண்ணுவேன் என்று பயந்திருப்பாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 10

மகள் யமுனாவுக்கு போன் பண்ணினேன். உங்க அம்மா போன ஏப்ரல்லயே பரீச்சை எழுதினாளாமே என்றேன்.

"தெரியுமுங்கப்பா. நாந்தான் அப்ளிகேசன் போட்டுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்க மனசு ஒடஞ்சுருவீங்கன்னாங்க."

சரி, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14

அன்றைக்கு ஈரத் துணி போட்ட இடம் பொங்கிவிட்டது. மைக்கா உடைந்த மூலை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், மரத்தூள் பலகை அடை மாதிரி உப்பியிருக்கிறது. ஒன்றைச் சரிபண்ணப் போய் இன்னொன்று. அடுத்தவர் பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் படித்ததற்குச் சரியான கூலி. நன்றாகக் காயவிட்டு, தேய்த்துச் சமமாக்கி, பட்டி மாவு பூசி மூட வேண்டும் என்று ரெஹானா சொல்கிறாள்.

அந்தத் தாளை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். துளசியிடம் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 24

தீபாவளி. மழை.

அக்டோபர் 30

உப்புத்தாள் தேய்த்தேன். வழவழப்பு போகும்வரை, மைக்காவின் மினுக்கம் சாகும்வரை. இரண்டு மணி நேரத்தில் ஒரு முழம்தான் முடிந்தது. கேட்டில் இந்த வேலையெல்லாம் கிடையாது.

உள்ளே பீப்பாய்ப் பலகையில் துளசி வாய்விட்டுக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ் கூட்டல் நாலாயிரத்து இருநூறு சமம் பதினோராயிரம் என்று என்னவோ. அந்த எக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன். பத்தாவது வரை படித்தவன் சொல்கிறேன், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

"யாருக்கு வேணுமாம் அந்த எக்ஸு" என்றேன்.

எட்டிப் பார்த்தாள். "நீங்க தெனமும் போடறதுதானுங்களே?"

"நானா?"

"லாரி வெறுமனே வந்தா ஒரு எடை. லோடு ஏத்திட்டு வந்தா ஒரு எடை. சரக்கு எவ்வளவுன்னு யாராச்சும் தனியா நிறுத்துப் பாக்கறீங்களா? தெரிஞ்ச ரெண்ட வெச்சுத் தெரியாத ஒண்ணக் கண்டுபிடிக்கறீங்க. அந்தத் தெரியாததுக்குப் பேருதானுங்க எக்ஸு."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு எழுதப் போய்விட்டாள்.

நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் எடைமேடையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது லாரி. எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன். பதினாறு வயதில் இதை ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

நவம்பர் 13

உப்பின மூலைக்குப் பட்டி பூசித் தேய்த்தாயிற்று. பிரைமர் ஒரு கோட்.

ரெக்கார்டில் துளசி இதயத்தின் வெட்டுத்தோற்றம் வரைகிறாள். போன நோட்டில் வரைந்ததைவிட இது நன்றாக இருக்கிறது. எங்கே வால்வு, எங்கே அறை என்று பெயர் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாள். தினமும் அம்பது குழந்தைகளுக்குச் சோறு வடிக்கிற கை அது. அந்தக் கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை. அவளுக்குத் தெரியாமல் ரொம்ப நேரம் பார்த்தேன்.

நவம்பர் 20

நகத்தால் கீறினேன். கீறல் விழுந்தது. காத்திரு.

நவம்பர் 27

கீறல் விழவில்லை. மறுபடி கீறிப் பார்த்தேன், இல்லை. துளசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கீறிப் பார்த்துவிட்டு, "அட, புடிச்சுக்கிச்சுங்க" என்றாள். இருவரும் வெறும் பிரைமரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

என்ன நிறம் என்று இந்தத் தடவை கேட்டேன். எனக்கு மயில் நீலம் ஆசை. "சாம்பல் போதுமுங்க. வெள்ளத் தாள வெச்சா கண்ணு கூசாது" என்றாள். இவ்வளவு யோசித்து வைத்திருப்பவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 11

சாம்பல் முதல் கோட். மெல்லிசாக, ரோலரில். அவசரப்படவில்லை. நான் அவசரப்படவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது கேட்டால் காட்ட.

டிசம்பர் 31

இரண்டாம் கோட் அடித்துப் பத்து நாள். இன்னும் லேசாகக் கீறல். உரக்கடையில் கொடுத்த இந்த டைரி இன்றோடு முடிகிறது.

முடிகிற இடத்தில் ஒன்றை எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் நான் பத்தாவது முடித்தவன் என்று எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன், இருக்கிறது. எழுதியவன் என்று இருக்க வேண்டும். கணக்கில் 29. மறுபடி எழுதப் போகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா "பையன் பத்தாவது பாஸ்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்றையிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன். 31 வாங்கினவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த உலகத்தில் ஒருவனுக்குத் தெரியும் என்றால் அது எனக்குத்தான். அவள் அந்த 31ஐ வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. இதுதான் வித்தியாசம், இதற்கு எடைமேடை வேண்டாம்.

ஜனவரி 15

புது டைரி. பொங்கல். கேட்டுக்கு இந்த வருடம் பெயின்ட் இல்லை, அது கிடக்கட்டும்.

காலையில் நகத்தால் நாலு மூலையிலும் கீறினேன், ஒன்றிலும் விழவில்லை. சுடச்சுடப் பால் டம்ளரை வைத்தேன், வளையம் விழவில்லை. பழைய செய்தித்தாளைப் பரப்பி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி மூன்று மணி நேரம் விட்டேன். எடுத்தால் தாள் தாளாக வந்தது, மேசை மேசையாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தூள் பலகைக்கு எவனாவது அழுவானா.

ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். துளசி பீப்பாய்மேல் இருந்த பலகையை எடுத்து அடுப்புக்குப் பின்னால் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு முழங்கையையும் மேசைமேல் வைத்தாள். சாம்பலில் வெள்ளைத் தாள் நிலா மாதிரி தெரிந்தது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த பெரிய சர்டிபிகேட்டு.

மார்ச் 9

புது ரெக்கார்டில் எல்லாப் பக்கத்திலும் டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார். செய்முறைத் தேர்வு முடிந்தது. லிட்மஸ் தாள் நிறம் மாறியதைச் சாப்பிடும்போது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

ஏப்ரல் 13

கணக்குப் பரீட்சை. இந்தத் தடவை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூட வாசலில் பதினைந்து வயசுப் பிள்ளைகள், அவர்கள் நடுவே இவள், ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. பிள்ளைகள் வழி விட்டார்கள், டீச்சர் என்று நினைத்திருப்பார்கள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வேலைக்குப் போகவில்லை. எதிரே டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசலை நான் கடைசியாகப் பார்த்தது முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால்.

மே 19

கணக்கு 61. அறிவியல் 54.

யமுனாதான் போனில் பார்த்துச் சொன்னாள். நான் நம்பாமல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அறுபத்தொன்று. துளசி வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அக்டோபரில் வராத அழுகை இப்போது வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  "காபி போடட்டுமா" என்றேன். போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன், அதையும் குடித்தாள்.

சாயங்காலம் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றேன்.  அவள் மேசையின் இழுப்புத் தட்டை இழுத்தாள். காலியாகத் துடைத்து வைத்திருந்தாள். பின்னட்டை இல்லாத கணக்குப் புத்தகத்தை அதில் வைத்தாள், பக்கத்தில் ஒரு புது நோட்டு.

"இது உங்களுக்குங்க."

"எனக்கு எதுக்கு?"

"கணக்கு ஒண்ணுதானுங்களே. ஒரு வருசம் போதும்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். யார் சொன்னது என்று கேட்டேன்.

"கல்யாணமான மொத மாசமே அத்தை சொல்லீட்டாங்க. பையன் வெசனப்படுவான், அவங்கிட்டக் கேட்டுக்காத சாமின்னாங்க. நானும் கேக்கல."

இருபத்து மூன்று வருடம். நான் தலையை ஆட்டிய ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது. கலெக்டர் ஆகப்போறியா என்று கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தையில் என்னை உட்கார வைத்திருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். போன வருடப் பரீட்சையை மறைத்ததும் தனக்காக இல்லை. அந்த வரியில் இருந்த சங்கடம் என்னுடையதுதான்.

இப்படி ஒரு மனுஷியா என்று இருக்கிறது. எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மே 22

எடைமேடையில் லாரி வராத நேரத்தில் முதல் பாடத்தில் முதல் கணக்கு போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். துளசி சிவப்புப் பேனாவை எடுத்தாள். தப்பு. மறுபடி போடச் சொல்லியிருக்கிறாள். போடுகிறேன்.